பதினைந்தாம் நாளே அழிந்துபோகும் பதிவு: மாநில மேற்பார்வைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: உள்துறைச் செயலாளர், நிதித்துறைச் செயலாளர், காவல்துறைத் தலைமை இயக்குநர், மாநில மகளிர் ஆணையப் பிரதிநிதி ஆகியோர் அடங்கிய, காவல் நிலையக் கேமராக்களுக்கான மாநில மேற்பார்வைக் குழு, தமிழ்நாடு.

ஐயா, அம்மையீர்,

"தாங்கள் கோரிய நாளின் பதிவுகள் சேமிப்புக் கொள்ளளவு முடிந்ததால் தானாக அழிந்துவிட்டன." காவல் நிலையக் கேமராப் பதிவைக் கேட்டு மனுப் போட்டால் இந்த ஒற்றை வரிதான் பதிலாக வருகிறது. ஊர் மாறும், வழக்கு மாறும், வரி மட்டும் மாறாது. மிஞ்சிப்போனால் "ஹார்ட் டிஸ்க் பழுது" என்றோ "அன்று மின்தடை" என்றோ வரும். இந்தப் பதிலை வாங்கிக் கோப்பில் செருகிக்கொண்டு இனியும் சும்மா இருக்க எங்களால் முடியாது. எங்களில் சிலர் ரிமாண்ட் நேரத்தில் நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞர்கள். மற்றவர்கள் கேமரா மாட்டிப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, பதிவைச் சேமிக்கும் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவில் எந்தக் குழப்பமும் இல்லை. நுழைவாயில், வெளியேறும் வழி, லாக்கப், லாக்கப்புக்கு வெளிப்புறம், நடைபாதை, வரவேற்பு இடம், தாழ்வாரம், இன்ஸ்பெக்டர் அறை, எஸ்.ஐ. அறை, பணி அலுவலர் அறை, ஸ்டேஷன் கூடம், வளாகத்தின் முன்புறம், கட்டடத்தின் பின்புறம், கழிவறைக்கு வெளியே என்று கேமரா இருக்க வேண்டிய இடங்களை நீதிமன்றமே பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறது. இருட்டிலும் படம் தெரிய வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும். பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும். சந்தையில் அதற்கேற்ற கருவி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் கீழே போகக் கூடாது. இதை நடத்திக்காட்டும் பொறுப்பு உங்கள் குழுவுக்கும், அதன் கீழ் இயங்க வேண்டிய மாவட்டக் குழுக்களுக்கும் தரப்பட்டது. உத்தரவு வந்து ஐந்தாண்டு ஓடப்போகும் நேரத்தில், 2025 செப்டம்பரில், செயல்படாத கேமராக்கள் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் பார்த்து உச்ச நீதிமன்றம் தானாகவே மறுபடியும் இந்த விவகாரத்தை எடுக்க வேண்டி வந்தது.

கேமரா மாட்டவில்லை என்பது எங்கள் குறை அல்ல. பல ஸ்டேஷன்களில் சுவரில் கேமரா இருக்கிறது, இன்ஸ்பெக்டர் மேசைக்கு எதிரே திரையும் ஓடுகிறது. குறை எல்லாம் அந்தத் திரைக்குக் கீழே இருக்கும், டி.வி.ஆர். எனப்படும் பதிவுப் பெட்டியில்தான்.

ஒரு சாதாரண 2 மெகாபிக்சல் கேமரா, நல்ல தரத்தில் பதிவு செய்தால் வினாடிக்கு ஏறத்தாழ 2 மெகாபிட் எடுத்துக்கொள்ளும். ஒரு நாளுக்கு இது 21.6 ஜி.பி. நீதிமன்றம் சொன்ன இடங்களையெல்லாம் மூடுவதற்கு நடுத்தர ஸ்டேஷன் ஒன்றுக்கு 12 கேமராவாவது வேண்டும். ஆக நாள் ஒன்றுக்கு 259 ஜி.பி. இந்தக் கணக்கில் 1 டெராபைட் டிஸ்க் நான்கு நாள்கூடத் தாங்காது. 4 டெராபைட் டிஸ்க் போட்டால் பதினைந்து நாள் வரும். "கொள்ளளவு முடிந்ததால் அழிந்துவிட்டன" என்ற பதிலுக்கும், தலைப்பில் சொன்ன பதினைந்து நாளுக்கும் இதுவே விளக்கம். ஹெச்.265 முறையில் அழுத்தி, வினாடிக்கு 15 பிரேம் என்று குறைத்து, கேமராவுக்கு 1 மெகாபிட்டாகக் கொண்டுவந்தாலும் 12 கேமராவின் 18 மாதப் பதிவுக்கு 71 டெராபைட் வேண்டும். ஒன்றோ இரண்டோ டிஸ்க் மட்டும் பொருத்த இடமுள்ள கடைகளில் விற்கும் சாதாரண டி.வி.ஆர். பெட்டியால் இது நடக்கிற காரியமே அல்ல. அப்படிப்பட்ட பெட்டியை வாங்கி வைத்த நாளிலேயே உத்தரவு மீறப்பட்டுவிட்டது. அதில் ஸ்டேஷன் ரைட்டரையோ பாரா காவலரையோ குறை சொல்லிப் பயனில்லை. டெண்டரில் கொள்ளளவை எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும் முறையில் ஓடவிட்டு இடத்தை மிச்சப்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். காவல் நிலையத்துக்கு அது ஒத்துவராது. மங்கிய வெளிச்சத்தில் ஒருவர் அசையாமல் கிடந்தால் அந்த நேரம் பதிவே ஆகாது. பிறகு ஒவ்வொரு இடைவெளிக்கும் "அசைவு இல்லை" என்று காரணம் சொல்லிவிடலாம். லாக்கப்பும் நடைபாதையும் 24 மணி நேரமும் இடைவிடாமல் பதிவாகத்தான் வேண்டும்.

சாத்தான்குளத்தை நினைவூட்டாமல் இந்த மடலை எழுத முடியாது. 2020 ஜூன் 19 அன்று கைதான தந்தையும் மகனும் அடுத்த நான்கு நாளுக்குள் இறந்தார்கள். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், ஸ்டேஷனில் 1 டெராபைட் கொள்ளளவு இருந்தும் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும், 19ஆம் தேதிப் பதிவு கிடைக்காமல் போனதையும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத் தெரிவித்தார். தடயங்கள் அழிந்துவிடக் கூடாது என்று அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறை அதிகாரிகளின் பொறுப்பில் விடும்படி நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது.

அந்த "அன்றன்றே அழியும்" அமைப்பைப் பற்றித் தொழில் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. டி.வி.ஆர். பெட்டிகளில் இரண்டு வேறு அமைப்புகள் இருக்கின்றன. டிஸ்க் நிரம்பியதும் மிகப் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்படுவது ஒன்று. அது பெட்டியோடு வருவது, டிஸ்க் முழுவதும் பயன்பட்ட பிறகே நடக்கும். இத்தனை நாள் கழித்து அழித்துவிடு என்று நாள் கணக்குக் கொடுப்பது இன்னொன்று. இது பொதுவாக அணைந்த நிலையில்தான் வரும். நிர்வாகிக் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போய், சேமிப்புப் பகுதியைத் திறந்து, ஒரு எண்ணைத் தட்டி, சேமி என்று அழுத்தினால்தான் வேலை செய்யும். ஆகவே அது தானாக நடப்பதல்ல, ஒரு ஆள் செய்வது. எப்போது, எந்தப் பயனர் பெயரில் மாற்றப்பட்டது என்பதைப் பெட்டியின் லாக், அதாவது நடந்ததையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் பட்டியல், காட்டும். பெட்டி எப்போது அணைந்தது, எந்தக் கேமராவின் படம் எந்த நிமிடத்தில் துண்டிக்கப்பட்டது, டிஸ்க் பிழை எப்போது தொடங்கியது என்பவையும் அந்த லாக்கில்தான் இருக்கும். "பழுது" என்று சொல்லும் எந்தப் பதிலோடும் இந்த லாக்கை இணைத்து அனுப்பி நாங்கள் பார்த்ததில்லை.

பழுது என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதே உத்தரவு சொல்லியிருக்கிறது. இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள். கேமரா வேலை செய்யவில்லை என்றால் நிலையப் பொறுப்பு அலுவலர் உடனே மாவட்டக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். கேமரா ஓடாத அந்த நேரத்தில் நிலையத்தில் யார் யாரைக் கைது செய்தோம், யார் யாரை விசாரித்தோம் என்ற விவரத்தையும் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதாவது கேமரா நின்றுபோன நேரம் கணக்கில் வராத நேரம் ஆகிவிடாது. அந்த நேரத்துக்குக் கூடுதலாக ஒரு தாள் எழுதப்பட்டாக வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் பழுது என்று யார் சொன்னாலும் உத்தரவை மீறியதாகவே பொருள். மாவட்டக் குழு மாதந்தோறும் உங்களுக்கு அறிக்கை தர வேண்டும். புகாரே வராத மீறல்களும் இருக்கின்றனவா என்று சேமித்த பதிவுகளைத் தானே எடுத்துப் பார்க்கவும் வேண்டும். 2021 தொடங்கி இதுவரை எத்தனை பழுது அறிவிப்புகள், எத்தனை கைதுப் பட்டியல்கள் உங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தன? பொதுமக்கள் பார்வைக்கு இந்தக் கணக்கு வைக்கப்பட வேண்டும்.

பதினைந்து நாள் ஏன் போதாது என்பதற்கு ரிமாண்ட் தேதிகளைப் பார்த்தாலே போதும். முதல் ரிமாண்ட் பதினைந்து நாள் வரை. அடிபட்டவர் கிளைச் சிறையிலோ மத்தியச் சிறையிலோ இருக்கிறார். ஜாமீன் கிடைத்து, ஜாமீன்தாரர் பத்திரம் கொடுத்து, அவர் வெளியே வந்து நடந்ததை வாய்விட்டுச் சொல்வதற்குள் பதிவு அழிந்துவிடும். வீட்டார் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் தருவதற்கு 30 நாள் அவகாசம். உயிர், தனிமனிதச் சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 7(1) பிரிவு சொன்னாலும், புலனாய்வு பாதிக்கும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுத்துவிடுகிறார்கள். மேல்முறையீட்டில் ஜெயித்து வந்தாலும் எடுத்துத்தர எதுவும் மிச்சமிருக்காது. நீதிமன்றம் 18 மாதம் என்று வைத்தது இந்தக் கால ஓட்டம் தெரிந்துதான்.

அடித்தார்களா இல்லையா என்பதற்கு மட்டும் கேமரா தேவை என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவரின் சுதந்திரம் முதலில் பறிபோவது நேரக் கணக்கில். "சும்மா விசாரணைக்குத்தான், ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறோம்" என்று அழைத்துப் போகிறார்கள். இரண்டு இரவு போகிறது. மூன்றாம் நாள் காலை பேருந்து நிலையத்தில் சந்தேகத்துக்கிடமாக நின்றபோது பிடித்ததாகக் கைதுக் குறிப்பு எழுதப்படுகிறது. 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 58ஆம் பிரிவின் கடிகாரம் அந்தக் குறிப்பில் எழுதிய நேரத்திலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது. கைதுக் குறிப்பு, பொது நாட்குறிப்பு, ரிமாண்ட் அறிக்கை மூன்றையும் எழுதுவது ஒரே ஸ்டேஷன். அந்த மூன்றோடும் ஒத்துப்பார்க்க ஸ்டேஷன் வாசல் கேமராவை விட்டால் வேறு கடிகாரமே கிடையாது. ஆள் எப்போது உள்ளே வந்தார் என்பதை அது காட்டிவிடும்.

அந்தக் கடிகாரமும் சரியாக ஓட வேண்டும். டி.வி.ஆருக்குள் இருக்கும் சிறிய பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி எங்கோ பழைய ஆண்டுக்குப் போய் நிற்கும். பேட்டரி நன்றாக இருந்தாலும் இணையத்திலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வசதியை இயக்காவிட்டால் மாதத்துக்குச் சில நிமிடம் தள்ளிப்போகும். நாற்பது நிமிடம் பிசகிய பதிவு நீதிமன்றத்துக்கு வந்தால் இரு தரப்பும் அதன்மேல் சண்டை போடலாமே தவிர, அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அந்த பேட்டரியின் விலை ஒரு தேநீர்ச் செலவு.

கழிவறைக்கு வெளியே வைக்கச் சொன்ன கேமராவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிடிபட்டவர் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்ற செய்தியும், மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஒரு புகைப்படமும் நம் மாநிலத்தில் வாடிக்கையாகிவிட்டன. அதைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். கைதட்டுகிறவர்களின் கோபம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் கையை உடைப்பது எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை, தண்டனை கொடுக்கும் வேலை காவல்துறைக்குத் தரப்படவும் இல்லை. கழிவறைக்கு உள்ளே கேமரா கூடாது, அது சரி. வெளியே இருக்கும் கேமரா இரண்டு காட்சிகளைக் காட்டும். ஒருவர் தானாக நடந்து, இரண்டு கையும் வீசி உள்ளே போகிறார். சில நிமிடம் கழித்துக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார், அல்லது தூக்கிவரப்படுகிறார். இடையில் வேறு யாராவது உள்ளே போனார்களா என்பதும் தெரியும். உண்மையிலேயே வழுக்கி விழுந்திருந்தால் பணியிலிருந்த காவலரை அந்த இரண்டு காட்சியே காப்பாற்றிவிடும். இத்தனை வழுக்கல்களுக்கும் ஒரு காட்சிகூட வெளியே வராதது ஏன்?

2025 ஜூன் இறுதியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், நகைத் திருட்டுப் புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி ஒருவர் தனிப்படையின் பிடியில் உயிரிழந்தார். அவரை அடித்த காட்சி வெளியே வந்தது ஸ்டேஷன் கேமராவால் அல்ல. கோயில் அலுவலகத்தின் பின்புறம் நடந்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்ததால் வெளியே வந்தது. ஸ்டேஷனுக்குள் கேமரா வந்ததும் விசாரணை தோப்புக்கும், பழைய குடியிருப்புக்கும், ஓடும் வாகனத்துக்கும் நகரும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். தனிப்படைகளைக் கலைத்தது நல்ல முடிவு. ஆனால் யாரை, எங்கே, எத்தனை மணிக்கு வைத்து விசாரிக்கிறோம் என்பது அப்போதைக்கப்போது பதிவாகாதவரை இன்னொரு பெயரில் அந்தப் படை திரும்ப வரும்.

தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை கேமரா வையுங்கள் என்று பல ஆண்டுகளாக மக்களைக் கேட்டுக்கொண்டது காவல்துறைதான். மக்களும் தங்கள் காசில் வைத்தார்கள். சாத்தான்குளத்தில் முதல் தகவல் அறிக்கை சொன்ன கதைக்கு முரணாக நின்றதும் பக்கத்துக் கடைக் கேமராவின் பதிவுதான். 2024 ஜூலை 1 முதல் சோதனையையும் பறிமுதலையும் செல்போனிலாவது படம்பிடிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105ஆம் பிரிவு கட்டாயமாக்கிவிட்டது. அதற்குச் செயலி, பயிற்சி, சேமிப்பு எல்லாம் வந்துவிட்டன. ஆகவே தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல இனி வழியில்லை.

பாலியல் குற்றப் புகார் கொடுக்க வரும் பெண்களின் குரலும் முகமும் பதிவாகுமே, தகவல் சொல்பவர்கள் அம்பலப்படுவார்களே என்ற தயக்கம் நியாயமானது. அதற்கு வழி, பதிவை யார் திறக்கலாம் என்பதைச் சுருக்குவது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் யார் திறந்தார் என்பது பதிவாக வேண்டும். இந்தத் தயக்கத்தைக் காரணம் காட்டிப் பதிவையே அழிப்பதை ஏற்க மாட்டோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

கொள்ளளவை நாள் கணக்கில் எழுதிப் புதிய கொள்முதல் செய்யுங்கள். "4 டெராபைட் டிஸ்க்" என்று டெண்டரில் எழுதுவதை விட்டு, "12 கேமரா, ஒலியோடு, இடைவிடாமல், 18 மாதம்" என்று எழுதுங்கள். 16 டெராபைட் டிஸ்க் ஐந்தும், இரண்டு பழுதானாலும் பதிவு நிற்காமலிருக்க மேலும் இரண்டும் கொண்ட பெட்டி இதற்குப் போதும். கணினிக்கான சாதாரண டிஸ்க் வேண்டாம். நாள் முழுதும் எழுதிக்கொண்டிருக்கத் தயாரான கண்காணிப்பு வகை டிஸ்க் வேண்டும். நிதித்துறைச் செயலாளரை நீதிமன்றம் இந்தக் குழுவில் வைத்ததற்குக் காரணமே இதுதான்.

பெட்டியை இன்ஸ்பெக்டர் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பூட்டிய இரும்பு அலமாரியில், தனி யு.பி.எஸ். இணைப்போடு, முத்திரையிட்டு வையுங்கள். நிர்வாகிக் கடவுச்சொல் ஸ்டேஷனில் யாரிடமும் இருக்கக் கூடாது, மாவட்டக் குழுவிடம் இருக்கட்டும். வாசல், லாக்கப், நடைபாதை, கழிவறை வெளிப்புறம் ஆகிய நான்கு கேமராக்களின் படம் அதே நேரத்தில் மாவட்டத் தலைமையகத்திலும் பதிவாகட்டும். அதற்கு வினாடிக்கு 4 மெகாபிட் வேகம் போதும், சாதாரண ஃபைபர் இணைப்பே கொடுத்துவிடும்.

காவலில் காயம் என்ற புகாரோ மருத்துவர் குறிப்போ வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று நிலையாணை போடுங்கள். பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டு டிஸ்க்கை ஓடவிடுவது பாதுகாப்பு ஆகாது. மேலே மேலே எழுதப்பட்டால் அழிந்ததை மீட்கும் வாய்ப்பும் போய்விடும். டிஸ்க்கைக் கழற்றி, வரிசை எண்ணைக் குறித்து, மாற்று டிஸ்க் போட வேண்டும். கழற்றியதைச் சாட்சிகள் முன் முத்திரையிட்டு, பதிவு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பைக் குறித்து, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். லாக்கும் அதோடு போக வேண்டும்.

ரிமாண்ட் தாள்களோடு, கைதானவர் முதன்முதலில் ஸ்டேஷன் வாசலைக் கடக்கும் படமும் நேரமும் இணைக்கப்பட வேண்டும். பி.என்.எஸ்.எஸ். 53ஆம் பிரிவின்படி நடந்த மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகல் கைதானவர் கையிலோ அவர் சொல்லும் ஆளிடமோ தரப்பட வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே வைத்து விசாரிக்க நேர்ந்தால் இடமும் நேரமும் உடனே மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லப்பட்டுப் பதிவாக வேண்டும்.

இங்கே கேமரா இருக்கிறது, உரிமை மீறப்பட்டால் மனித உரிமை ஆணையத்திடமோ, மனித உரிமை நீதிமன்றத்திடமோ, காவல் கண்காணிப்பாளரிடமோ புகார் செய்யலாம், பதிவைப் பாதுகாத்துத் தரும்படி கேட்கும் உரிமை உண்டு என்ற பெரிய அறிவிப்பை ஒவ்வொரு ஸ்டேஷனின் வாசலிலும் உள்ளேயும் தமிழில் வையுங்கள். இதுவும் 2020 உத்தரவில் உள்ளதுதான். மாவட்டக் குழுக்களின் மாத அறிக்கைகளை, பழுது நாள்களின் கணக்கோடு, காவல்துறை இணையதளத்தில் வெளியிடுங்கள்.

இவற்றில் பணமும் நாளும் பிடிப்பவை உண்டு, அறிவோம். பைசா செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் டி.வி.ஆரின் சேமிப்புப் பகுதியைத் திறந்து, நாள் கணக்கில் அழிக்கும் அமைப்பை அணைத்து, தேதியும் நேரமும் தெரியும்படி அந்தத் திரையைப் படமெடுத்து, 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள்.

இப்படிக்கு,
குற்றவியல் நீதிமன்ற வழக்கறிஞர்களும் கேமராத் தொழில்நுட்பர்களும்